நிற்கும் பஸ்ஸில் நடக்கிறவர்

எட்டு இருபதுக்கு, இப்போது பஸ்ஸை ஓட்டுகிற பெருமாள்ராஜ் அதைத் தொழிற்சாலை ஷெட்டில் நிறுத்திச் சாவியை உருவியதும், கடைசி நீள சீட்டிலிருந்து மந்திரமூர்த்தி எழுந்திருப்பார். ஆட்கள் எல்லாரும் இறங்கும்வரை பொறுத்திருந்து கதவைச் சாத்துவார். செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கு அடியில் கிடக்கும் கான்வாஸ் ஷூவை எடுத்து, உள்ளே கல் ஏதும் இருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டி மாட்டிக்கொள்வார். பிறகு பஸ்ஸுக்குள்ளேயே நடக்க ஆரம்பிப்பார். கடைசி சீட்டிலிருந்து டிரைவர் சீட் வரைக்கும், அங்கிருந்து திரும்பக் கடைசி சீட் வரைக்கும்.

ஐம்பத்திரண்டு சீட் பஸ். ஒரு ஓட்டத்துக்குப் பதிமூன்று காலடி. காக்கிச் சட்டையின் இடது பையில் பத்துப் புளியங்கொட்டை இருக்கும். இருபது தடவை போய்த் திரும்பியதும் ஒரு கொட்டை வலது பைக்கு மாறும். பத்தும் மாறிவிட்டால் நாலு கிலோமீட்டர். அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்திருப்பார், ஆனாலும் கங்கைகொண்டான் வெயில் ஒன்பது மணிக்கே தகரக் கூரையைப் பழுக்கவைத்துவிடும்.

வெளியே நடக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அந்தத் தொழிற்சாலையின் ஒழுங்கு தெரியாது. கேட்டுக்குள்ளே சரக்கு தூக்கும் வண்டிகள் ஓடுகின்றன. தலைக்கவசம் இல்லாத ஆள் வெள்ளைக்கோட்டைத் தாண்டக் கூடாது. டிரைவர்கள் ஷெட்டோடு சரி. கேட்டுக்கு வெளியே நாலுவழிச் சாலை. அங்கே நடப்பதற்குப் பதில் சர்க்கரை வியாதியே மேல். மிச்சம் இருப்பது பஸ் ஒன்றுதான்.

முதல் வாரம் செக்யூரிட்டி வந்து ஜன்னலைத் தட்டினான்.

“அண்ணாச்சி, உள்ள என்ன செய்யுதீரு?”

“நடக்கேன்.”

“பஸ்ஸுக்குள்ளயா?”

“பஸ்ஸுக்குள்ள நடக்கக் கூடாதுன்னு எங்கனயாவது போர்டு வச்சிருக்கியளா? வையுங்க. பொறவு நிறுத்துதேன்.”

போர்டு இன்னும் வரவில்லை.

மந்திரமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு வயது. தச்சநல்லூர்க்காரர். இருபத்தேழு வருஷமாக ஸ்டியரிங் பிடித்த கை. அதில் பதினொரு வருஷம் இந்தத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ். காலையில் டவுண் வாகையடி முக்கில் முதல் ஆளை ஏற்றி, ஜங்ஷன், தச்சநல்லூர் வழியாக எட்டேகாலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பது, சாயங்காலம் ஐந்தேகாலுக்குத் திரும்ப எடுப்பது, அவ்வளவுதான் வேலை. இடையில் ஒன்பது மணி நேரம் ஷெட்டில் கிடக்க வேண்டும். உடம்பைக் கெடுத்தது அந்த ஒன்பது மணி நேரம்தான். உட்கார்ந்து ஓட்டிவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாமான் வைக்கும் அறையில் அட்டையை விரித்துப் படுத்துவிட்டு, எழுந்து மறுபடி உட்கார்ந்து ஓட்டுகிற பிழைப்பு. பத்து வருஷம் அப்படி இருந்தால் எந்த உடம்பும் கணக்குக் கேட்கத்தான் செய்யும்.

கேட்டது போன ஆனியில். தேரோட்டத்துக்கு மறுவாரம் பஸ் காண்டிராக்டர் எல்லா டிரைவர்களுக்கும் ரத்தம் எடுக்கவைத்தார். எங்கோ ஒரு டிரைவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கிவிட்டாராம். அதற்குப் பிறகு வந்த புது விதி. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற சோதனை அது. முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. ஏழுக்குக் கீழே இருந்தால் ஓட்டலாம். ஏழைத் தொட்டால் மூன்று மாதம் தவணை. அதற்குள் இறங்காவிட்டால் ஸ்டியரிங் கிடையாது. ஷெட்டில் பஸ் கழுவி, டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியது. இது நியாயமான விதியா இல்லையா என்பது வேறு பேச்சு. விதி அதுதான்.

மந்திரமூர்த்திக்கு ஏழு புள்ளி மூன்று.

புதன்கிழமைதோறும் தொழிற்சாலைக்கு வருகிற டாக்டர் பாலசுப்பிரமணியன் மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்தார். மந்திரமூர்த்தி கையை நீட்டி மறித்தார்.

“மாத்திரை வேண்டாம்னு சொல்லல சார். அந்த மூணு மாசத்த எனக்குத் தாங்க. நான் எறக்கிக் காட்டுதேன். எறங்கலைன்னா நீங்க சொல்லுத மாத்திரைய மறுபேச்சு இல்லாம முழுங்குதேன்.”

“ஏன் இந்தப் பிடிவாதம்?”

“எங்க அண்ணனுக்குப் பன்னெண்டு வருஷமா சர்க்கரை. மாத்திரை போட்டாச்சுல்லான்னு சொல்லிச் சொல்லியே அல்வா தின்னான். ரெண்டு கால்வெரலு போச்சு. மாத்திரைய வச்சிச் சோத்துக்கு லைசென்சு வாங்குத ஆளு நான் இல்ல.”

தப்பு மாத்திரையில் இல்லை, அண்ணன் வாயில் இருந்தது என்பது மந்திரமூர்த்திக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னார். டாக்டரும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். வாரம் ஒருமுறை தொழிற்சாலை நர்ஸ் சுகிர்தாவிடம் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். அது ஒருமுறை இருநூறைத் தாண்டினாலும் அன்றைக்கே மாத்திரை.

அன்று தொடங்கியதுதான் பஸ்ஸுக்குள் நடை. தூக்கமும் ஒழுங்குக்கு வந்தது. ஒன்பதரைக்கு டிவியை அணைத்துவிடுவார். சாப்பாடு இன்னும் கண்டிப்பு. மத்தியானம் டிரைவர்கள் ஷெட்டில் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். மந்திரமூர்த்தியின் பெரிய அடுக்கில் அவரைக்காயோ புடலங்காயோ நிறைய இருக்கும். நடு அடுக்கில் இரண்டு முட்டை, அல்லது சுண்டல். சோறு ஒரு சின்னக் கிண்ணம், அதுவும் கடைசியில்தான். காய் முழுக்க உள்ளே போன பிறகே சோற்றில் கை வைப்பார். வயிற்றுக்குப் பசி அடங்கிய பிறகு சோறு வந்தால் அது கொஞ்சத்தோடு திருப்திப்படும் என்பது சுகிர்தா சொல்லிக்கொடுத்தது. சாப்பிட்டு எழுந்ததும் பத்து நிமிஷம் மறுபடி பஸ்ஸுக்குள் போய்விடுவார்.

பக்கத்து பஸ் டிரைவர் மகாராஜனுக்கு இது தினசரிப் பொழுதுபோக்கு.

“என்னவே இது, ஆட்டுக்குக் கட்டின தழ மாதிரி?”

“ஆட்டுக்குச் சர்க்கரை வந்து பாத்திருக்கீரா?”

“அண்ணாச்சி, பஸ்ஸு இங்கனதான் நிக்கி. நீரு நடந்த நடைக்கு இந்நேரம் மணியாச்சி தாண்டியிருப்பீரு.”

“ஆமாவே. அங்கன ஒமக்கும் சீட்டுப் போட்டு வைக்கேன். பைய வாரும்.”

ஞாயிற்றுக்கிழமை டவுணில் நாலு ரத வீதியையும் இரண்டு சுற்றுச் சுற்றுவார். அல்வாக் கடை இல்லாத பாதையில் போகலாம். மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடை வாசலோடு ஒட்டித்தான் நடப்பார். சுடச்சுட இலைத்துண்டில் வாங்கி நின்றுகொண்டே தின்கிற கூட்டத்தில் தெரிந்த முகம் எப்படியும் ஒன்று இருக்கும். “ஏ மந்திரம், ஒரு அம்பது கிராம்ல என்னவே ஆயிரும்?” என்று அது கூப்பிடும். “ஒமக்கு ஒண்ணும் ஆவாது. நீரு தின்னும்,” என்று சொல்லிவிட்டு, நடையின் வேகத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

இவ்வளவும் செய்தவருக்கு ஐப்பசியில் எவ்வளவு வந்திருக்க வேண்டும்? அவர் ஆறரை என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்.

வந்தது ஏழு புள்ளி இரண்டு.

மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு புள்ளி. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சூப்பர்வைசர் நடராஜ் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையை நீட்டினான். மந்திரமூர்த்தி சாவியை அவன் கையில் வைத்தார். மறுநாளிலிருந்து பெருமாள்ராஜ் ஓட்டினான். மந்திரமூர்த்தி தன் பஸ்ஸிலேயே ஆளோடு ஆளாக ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தார். முன் சீட்டுகள் காலியாக இருந்தாலும் அங்கே உட்காரவில்லை. வேறொருத்தன் கியர் போடுவதைப் பதினைந்து கிலோமீட்டர் பார்த்துக்கொண்டு வர அவரால் முடியாது.

“நடந்தீரே, நடந்தீரே, என்னத்தக் கண்டீரு?” என்றான் மகாராஜன்.

மந்திரமூர்த்தி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் போனார்.

காகிதம் வந்த அன்றைக்கே டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்திருந்தார். சுகிர்தாதான் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னாள். அவளுக்கு இந்தக் கணக்கு இடித்தது. இவ்வளவு நடக்கிற, இவ்வளவு குறைத்துத் தின்கிற ஆளுக்கு இறங்காமல் இருக்கக் காரணம் இருக்க வேண்டும். மருந்து அறைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து, காலையில் எழுந்ததிலிருந்து வாயில் போடுகிற ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னாள். இட்லி இரண்டு, காய், முட்டை, மோர் என்று எல்லாம் சொன்னார்.

“குடிக்கது?”

“தண்ணி. பொறவு காப்பி.”

“சீனி போட்டா?”

மந்திரமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. “சீனியத் தொட்டு மூணு மாசமாச்சு சிஸ்டர்! சுத்தமான கருப்பட்டிக் காப்பி.”

“எத்தன தடவ?”

“காலைல ரெண்டு. இங்கன பிளாஸ்க்குல மூணு. சாயந்தரம் வீட்டுல... ஆறு, ஏழு இருக்கும். சோறு கொறஞ்சதுக்குக் காப்பி கூடிப் போச்சு.”

சுகிர்தா பேனாவைக் கீழே வைத்தாள்.

“அண்ணாச்சி, கருப்பட்டிக்கு ஒடம்புக்குள்ள தனி ரோடு கெடையாது. சீனி போற ரோட்டுலதான் அதுவும் போவும்.”

“அது பனையில வருது. சீனி மில்லுல வருது.”

“எங்க வந்தா என்ன? போற எடம் ஒண்ணுதான்.”

இந்தத் தப்பைச் செய்வதற்குத் திருநெல்வேலியில் பிறந்திருக்க வேண்டும். கருப்பட்டி என்றால் இங்கே மருந்து. பிள்ளை பெற்றவளுக்கு, சளிக்காரனுக்கு, வயசுக்கு வந்தவளுக்கு எல்லாம் அதுதான். சீனிதான் நோய், கருப்பட்டி ஆரோக்கியம் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். சுகிர்தா சொன்னதை மந்திரமூர்த்தி நம்பவில்லை. வாயால் சொன்னதை நம்புகிறவர் அல்ல அவர். பதினொரு மணிக்கு விரலை நீட்டினார். நூற்று இருபத்தொன்று. அங்கேயே பிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் காப்பியைக் குடித்தார். நடக்கக் கூடாது என்று சுகிர்தா சொல்லியிருந்ததால் ஒரு மணி நேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டுக்கு மறுபடி விரலை நீட்டினார்.

நூற்று எண்பத்து மூன்று.

மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வேறு விரலில் எடுக்கச் சொன்னார். நூற்று எண்பத்தைந்து. பிளாஸ்க்கை எடுத்துப்போய் வாசலில் நிற்கும் வேம்பின் அடியில் கவிழ்த்தார்.

“இன்னொரு மூணு மாசம் கேளுங்க சிஸ்டர். ஸ்டியரிங்குதான் போயாச்சே, இனி எனக்கு என்ன பயம்?”

டாக்டர் அதே நிபந்தனையோடு சம்மதித்தார். ஆனால் இது கடைசித் தடவை என்றார்.

அல்வாவை விட்டது சுலபம். அது கடையில் இருந்தது. கருப்பட்டி வீட்டில் இருந்தது. மந்திரமூர்த்தியின் மனைவி இசக்கியம்மாளுக்குப் பிறந்த ஊர் உடன்குடி. வருஷாவருஷம் அங்கிருந்து ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வரும். இனிக் காப்பியில் அது வேண்டாம் என்று அவர் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எங்க ஊரு கருப்பட்டிய நஞ்சுன்னு சொல்ல அந்த நர்சம்மா யாரு? எங்கப்பா எழுவத்தெட்டு வயசு வரைக்கும் அதத்தான் குடிச்சாரு. சர்க்கரையா வந்துச்சு அவருக்கு?”

“ஒங்கப்பா தெனம் முப்பது பனை ஏறி எறங்குனாரு. நான் சீட்டுல உக்காந்து வளையத்தச் சுத்துதேன். நானும் முப்பது பனை ஏறுனா ரெண்டு பெட்டி தின்னுவேன். ஏத்தி விடுதியா?”

“வாய் மட்டும் எறங்க மாட்டங்கு ஒங்களுக்கு.”

அவள் பத்து நாள் பேசவில்லை. அவர் முன்னாலேயே உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பியை உறிஞ்சிக் குடிப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து வெறும் சுக்குத் தண்ணீரை அதே சத்தத்தோடு உறிஞ்சிக் குடிப்பார். பதினோராம் நாள் அவள் தம்ளரிலும் சுக்குத் தண்ணீர் இருந்தது. மறுவாரம் அவளே சுகிர்தாவிடம் தன் விரலையும் காட்ட வேண்டும் என்றாள்.

மார்கழி கடைசியில் மகாராஜன் ஷெட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேலி இல்லாத குரலில் பேசினான்.

“அண்ணாச்சி, சொன்னாக் கேளும். எம் பொண்டாட்டி மாத்திரை ஒரு அட்ட கெடக்கு. தெனம் ரெண்டாப் போடும். யாருக்குத் தெரியப் போவுது? ஸ்டியரிங்கு கைக்கு வந்தாச் சரி.”

“ஒம்ம பொண்டாட்டிக்கு என்ன அளவுன்னு டாக்டர் எழுதுனாரு. எனக்கு எழுதலல்லா.”

“கோட்டி பிடிச்ச மனுசனா இருக்கீரே. அஞ்சாறு பேரு அப்படித்தான் ஓட்டுதான்.”

“அவன் மயங்குனா அம்பது பேரு சாவான். மாத்திரை வேணும்னா டாக்டர்கிட்ட வாங்கி எல்லாரும் பாக்க முழுங்குவேன். ஒளிச்சி முழுங்க மாட்டேன். போவும்.”

மகாராஜன் எழுந்து போனதும் அவர் பஸ் கழுவ வாளியை எடுத்தார். ஏழு என்றே வந்துவிட்டால் அப்புறம் ஸ்டியரிங் எந்த வருஷம் கிடைக்குமோ தெரியாது. மற்றவர்கள் முன்னால் அதை ஒருநாளும் சொன்னதில்லை. பஸ் கழுவும்போது மட்டும் டிரைவர் சீட்டைக் கடைசியாகத் துடைப்பார். அதில் உட்காராமல், நின்றுகொண்டே.

பொங்கலுக்கு இசக்கியம்மாள் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். சாமிக்கு வைத்ததில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் இல்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை. தின்ற கையோடு எழுந்து தெருவில் நடந்தார். பண்டிகை நாளில் இந்த மனுஷன் எங்கே போகிறார் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் “பொங்கலக் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் மூன்றரைக்குக் காகிதம் வந்தது. மருந்து அறையில் டாக்டர், சுகிர்தா, நடராஜ், மந்திரமூர்த்தி. டாக்டர் பார்த்துவிட்டு அதை மேஜைமேல் திருப்பி வைத்தார்.

ஆறு புள்ளி எட்டு.

“மாத்திரை இப்போதைக்கு வேண்டாம்,” என்றார் டாக்டர். “ஆனா இது போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. விட்டா ஏறிடும். மூணு மாசத்துக்கு ஒருதடவை வாங்க.”

“போவும்னு நான் எப்ப சார் சொன்னேன்? எறக்குதேன்னுதான் சொன்னேன். வாரேன்.”

சுகிர்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டில் எழுதினாள். நடராஜ் காகிதத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“ஆறு எட்டுங்கது ஓரத்துல நிக்கி அண்ணாச்சி. ஏழுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமா? இந்த மாசம் பெருமாளே ஓட்டட்டும். பொறவு பாத்துக்கிடலாம்.”

மந்திரமூர்த்தி ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

“ஐப்பசியில ஏழு ரெண்டு வந்துச்சு. ஏழுக்கும் ஏழு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமான்னு நான் கேட்டனா? கேக்கலல்லா. சாவியத் தந்துட்டுப் போனேன். ஒம்ம விதிதான் வே இது. இன்னிக்கு அது எம்பக்கம் நிக்கி. சாவியத் தாரும்.”

நடராஜ் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். சுகிர்தா பதிவேட்டைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். நடராஜ் போட்டான்.

ஐந்து மணிக்கு ஆட்கள் பஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். விஷயம் அதற்குள் ஷெட் முழுக்கப் பரவியிருந்தது. பெருமாள்ராஜ் ஓடிவந்து சாவியைக் கொடுத்தான். “அண்ணாச்சி, ரெண்டாங் கியரு கொஞ்சம் முரண்டுது,” என்றான். “அது எங்கிட்ட முரண்டாது,” என்று சொல்லிவிட்டு மந்திரமூர்த்தி ஏறினார். நடராஜ் வாசல் படியருகே வந்து நின்றான்.

பெருமாள்ராஜ் நெட்டை ஆள். டிரைவர் சீட் பின்னால் தள்ளிக் கிடந்தது. மந்திரமூர்த்தி உட்கார்ந்து, அடியில் கையை விட்டுக் கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னால் இழுத்தார். பதினொரு வருஷமாக அவருக்கு அது, சீட் நகரும் தடத்தின் மூன்றாம் பல்லில்தான் நிற்கும். அதற்கு மேல் இழுத்தால் வயிறு ஸ்டியரிங்கில் முட்டும். இன்று மூன்றைத் தாண்டி நாலுக்கு இழுத்தார். நாலைத் தாண்டி ஐந்துக்கு இழுத்தார். அங்கே கம்பியை விட்டார். சீட் கிளிக்கென்று நின்றது. பிறகு நடராஜைப் பார்த்துக்கொண்டே, மூடிய கைமுட்டியை ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் படாமல் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார்.